இலை நுனியும் தெளிவாக்க வாரியமும்

மக்களுக்குத் தெளிவு போதவில்லை என்பது அரசாங்கத்துக்கு நெடுநாள் மனக்குறை. ஆகவே, பழைய குடும்பப் படங்களை அவரவர் வீட்டுத் திரையில் துல்லியமாகப் பார்ப்பது குடிமக்களின் உரிமை என்று கண்டறிந்து, திருவனந்தபுரத்தில் குடும்பத் திரைப்படத் தெளிவாக்க வாரியம் ஒன்றை நிறுவினார்கள். முதல் படமாக 'மாம்பள்ளி வீட்டுக் கல்யாணம்' தேர்வானது. எங்கள் ஒற்றப்பாலத்தில் எடுத்த படம். தெளிவுக்கு எங்கள் ஊரும் சளைத்ததல்ல. துபாயிலிருந்து பிள்ளை அனுப்பிய டி.வி. உள்ளே நுழையவில்லை என்று நிலைக்காலையே பெயர்த்த வீடுகள் இங்கே உண்டு.

செய்தி கேட்டு அழுதே விட்டவர் என் பக்கத்து வீட்டு அச்சுதன்குட்டி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தப் படத்தின் கல்யாணப் பந்தியில் கதாநாயகனுக்குச் சாம்பார் ஊற்றியது தான்தான் என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவி வத்சலாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய படத்திலோ கதாநாயகன் பக்கத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று கலங்கித் தெரியும், அவ்வளவுதான். வத்சலா சேச்சி அதைத் தூண் என்பார். கோபமாக இருக்கும் நாட்களில் சாம்பார் ஆவி என்பார். மனுஷன் வேறெதற்கும் வருந்தியதில்லை. பெண்டாட்டி ஒரு தடவை "ஆமா, நீங்கதான்" என்று சொல்லிவிட வேண்டும், அது போதும் அவருக்கு.

வாரியம் முன்னோட்டக் காட்சியை எங்கள் வாசகசாலையில் வைத்தது. நான் அங்கே செயலாளர் என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அச்சுதன்குட்டி ஜன்னலுக்கு வெளியே நின்றார். வத்சலா சேச்சி மகளின் பிரசவத்துக்காகத் திருச்சூர் போயிருந்தார். பந்தி வந்தது. அடடா, என்ன தெளிவு! அரும்பு மீசையும் கையில் வாளியுமாக இளவட்ட அச்சுதன்குட்டி குனிந்து சாம்பார் ஊற்றுகிறார். நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதே நேரத்தில் வாரியத் தலைவர் பரமேஸ்வரக் கைமள் எழுந்து நின்றுவிட்டார். அவர் பார்த்தது இலையை. நுனி, உண்பவரின் இடப்பக்கம் இருக்கவேண்டும். படத்திலோ பந்தி முழுக்க வலப்பக்கம். அது துக்க வீட்டு இலை. இத்தனை வருடமாக மலையாளிகள் ஒரு சாவுப் பந்தியைக் கல்யாணம் என்று நம்பிக் கண்கலங்கியிருக்கிறார்கள்.

இலையை மட்டும் திருத்தினால் போதாதா என்று நான் கேட்டேன். அது கலப்படமாம். படத்தையே முழுதாக இடவலமாகத் திருப்பினால் மட்டும் அது பழம்படப் பாதுகாப்பாம். திருப்பினார்கள். இலைகள் சரியாயின. சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இடதுகையால் அள்ளிச் சாப்பிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பார்கள். ஆனால் வலப்பக்கம் செருகியிருந்த வேட்டியெல்லாம் இடப்பக்கச் செருகலாகிவிட்டது. இங்கே அதைப் பார்த்தே ஒருவர் கோயிலுக்குப் போகிறவரா பள்ளிவாசலுக்குப் போகிறவரா என்று சொல்லிவிடுவார்கள். ஒரே இரவில் மாம்பள்ளி நாயர் வீடு மொத்தமும் மதம் மாறியிருந்தது. கோயில் கமிட்டியும் பள்ளிவாசல் கமிட்டியும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கி, ஒரே குரலில் ஆட்சேபித்தார்கள். எங்கள் ஊரில் அப்படியோர் ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை.

வாரியம் அவசரமாகக் கூடி ஆழ்ந்து ஆலோசித்தது. இலை, கை, வேட்டி மூன்றும் மார்புக்குக் கீழே இருப்பதால், படம் நெடுக மார்புக்குக் கீழே உள்ளதை மட்டும் மங்கலாக்குவது என்று தீர்மானமாயிற்று.

அச்சுதன்குட்டி விழுந்தடித்துக்கொண்டு கைமளிடம் ஓடினார். துணைக்கு நானும் போனேன்.

"சார், என் மூஞ்சி போயிடுச்சு சார். நான் குனிஞ்சிருந்தேன்."

"குனிஞ்சா அது மார்புக்குக் கீழதானே வரும்?"

"ஆமா சார்."

"நிமிர்ந்து நின்னு பரிமாறியிருக்கலாமே?"

"அவ்வளவு உசரத்துலேர்ந்து சாம்பார் எப்படி சார் ஊத்துறது?"

கைமள் சற்று யோசித்தார். அது சமையல் துறை சம்பந்தப்பட்ட கேள்வி, வாரியத்தின் வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டார்.

வெளியீட்டு விழாவும் ஒற்றப்பாலத்திலேயே நடந்தது. மண்டபத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டி.வி., எதிரே பெரிய மனிதர்களுக்கு விருந்து. ஆள் போதவில்லை என்று அச்சுதன்குட்டியும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார். திரையில் பந்தி வந்தது. கதாநாயகனின் மார்புக்குக் கீழே எல்லாம் ஒரே கஞ்சித் தண்ணீர். "என்ன துல்லியம்!" என்றார் தாசில்தார். நானும் தலையாட்டினேன். வேறென்ன செய்ய, பக்கத்தில் கைமள் உட்கார்ந்திருந்தாரே.

விழாவுக்கென்று திருச்சூரிலிருந்து திரும்பியிருந்த வத்சலா சேச்சி சுவரோரமாக நின்றிருந்தார். கதாநாயகன் பக்கத்தில் கலங்கித் தெரிந்த வெள்ளையைப் பார்த்தார். பிறகு பந்தியில் குனிந்திருந்த கணவரைப் பார்த்தார். ஒரு தோளை இறக்கி, மறுகையில் வாளியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அப்படியே அதே வளைவு. பக்கத்தில் போய் நின்றார்.

"அது தூண் இல்ல. நீங்கதான்."

அச்சுதன்குட்டி ஒரே இலையில் இரண்டாவது தடவையும் சாம்பார் ஊற்றிவிட்டார்.

சேச்சி அப்படியே இலையையும் பார்த்துவிட்டார். "ஐயோ, இங்கயும் நுனி வலது பக்கமால்ல கிடக்கு!"

பந்தி முழுக்க அப்படித்தான். எல்லோரும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்ததில் யாரும் இலையைப் பார்க்கவில்லை. பாயசம் வேறு ஊற்றியாயிற்று, இனி இலையைத் திருப்ப முடியாது. எழுந்தால் பாயசம் போய்விடும். யாரும் எழவில்லை, நானும் எழவில்லை. கைமள் நிதானமாகப் போட்டோக்காரரைக் கூப்பிட்டார். "மார்புக்குக் கீழ எடுக்காதே."

போட்டோக்காரர் கேமராவை உயர்த்தினார். "கொஞ்சம் நிமிருங்களேன்," என்றார் சேச்சி கணவரிடம்.

"சிந்திடும்டீ," என்றார் அவர்.

அந்தப் போட்டோ இப்போது வாசகசாலைச் சுவரில் மாட்டியிருக்கிறது. கைமள், தாசில்தார், நான் எல்லோரும் அதில் மிகத் தெளிவாக இருக்கிறோம். என் மீசையில் ஒட்டியிருக்கும் பாயச சேமியாகூடத் தெரிகிறது. எங்களுக்குப் பரிமாறியவர்தான் இல்லை.