மணியின் வாயில் துணி

சிவப்பு விளக்கு மறுபடியும் எரிந்தது. கூடவே மணியும் அலறியது.

"சனியனே, இன்னைக்குமா?" என்றார் டிரைவர்.

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. இன்ஜினில் புதிதாகப் பொருத்திய பாதுகாப்புக் கருவி இந்த ஒரே வாரத்தில் நான்கு முறை காரணமே இல்லாமல் கத்தி வண்டியை நிறுத்தியிருந்தது. நான்கு முறையும் மேலதிகாரி விளக்கம் கேட்டது இவரிடம்தான், கருவியிடம் இல்லை. இன்று மூன்றாவது பெட்டியில் அவருடைய மகள் வேறு உட்கார்ந்திருந்தாள். பத்தரைக்குப் பரீட்சை. ஒரு நிமிஷம் பிந்தினாலும் கதவைச் சாத்திவிடுவார்கள், ஒரு வருஷம் பாழ். பஸ்ஸில் அனுப்பலாமே என்று சொன்ன மனைவியிடம், "நான் ஓட்டுற வண்டியில என் பொண்ணு லேட்டாப் போவாளா?" என்று காலையில்தான் எகிறியிருந்தார்.

இந்த ஜங்ஷனில் இன்ஜின் மாற்றுகிறேன் பேர்வழி என்று ஏற்கெனவே கால் மணி நேரத்தைத் தின்றாயிற்று. சிக்னலில் பச்சை விழுந்துவிட்டது. இங்கே மட்டும் சிவப்பு.

கை துடைக்கிற துணியைச் சுருட்டி மணியின் வாயில் திணித்தார். சத்தம் அடங்கியது. பிரேக் மட்டும் விடுவேனா என்றது.

"நீ பெரியவனா, நான் பெரியவனா?"

ஈய முத்திரை வைத்த சாவி ஒன்று உண்டு. அதைத் திருப்பினால் கருவி செயலிழந்துவிடும். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடம் கேட்டு, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதைத் தொட வேண்டும். கேட்பதாம், எழுதுவதாம்! முத்திரையைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். சக்கரம் நகர்ந்தது.

உடனே வாக்கிடாக்கியில் கார்டின் குரல். "டிரைவர் சார், வண்டி..."

"முத்திரையப் பத்தித்தானே? அங்க போய் எழுதிக்கலாம்யா" என்று அதையும் அணைத்தார்.

அடுத்து கைபேசி. மகள். வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது என்பது விதி. விதி என்றால் விதிதான் என்று துண்டித்தார். மறுபடி அடித்தாள், மறுபடி துண்டித்தார். மூன்றாவதாக மனைவி கூப்பிட்டதும் கைபேசியையே அணைத்துவிட்டார்.

அப்புறம் ஓடியது பாருங்கள்! மேட்டில்கூட முக்கவில்லை, முனகவில்லை. "இத்தனை நாளா எப்படிக் கழுத்தப் புடிச்சு வச்சிருந்திருக்கு பாரு, இத வாங்கினவன் மூஞ்சியில கரியப் பூசணும்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். மேலதிகாரிக்கு எழுதப்போகும் காரமான கடிதத்தில் முதல் பக்கம் மனசுக்குள் முடிந்தும்விட்டது.

ஒன்பது ஐம்பதுக்கே ஊர் வந்துவிட்டது. பிளாட்பார முனையில் கொண்டுபோய் நிறுத்தி இறங்கினார். மகளே வந்து தோளைத் தொடட்டும் என்று வெளிவாசலைப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"பாத்தியாய்யா, பத்து நிமிஷம் முன்னாடி" என்றார், பெருக்கிக்கொண்டிருந்தவரிடம்.

அவர் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, டிரைவரின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நீங்க வந்துட்டீங்க சார். பெட்டியெல்லாம் பின்னாடி வருதுங்களா?"