கறிவேப்பிலைச் செடியடியில் எழுநூறு வருஷம்

வேங்கிக்கால்,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான் தருமனுக்கு, உன் அக்கா புருஷன் சக்கரவர்த்தி எழுதுவது. ஆரணியில் நீயும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க அண்ணாமலையார் துணை. இங்கே நாங்களும் நலம் என்று எழுத ஆசைதான், முடியவில்லை. போனில் பேசலாமென்றால் உன் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டினேன் இல்லையா, அதில் அரபு எழுத்து வெட்டிய கல் ஒன்று கிளம்பியது. அன்றோடு என் நிம்மதி போயிற்று. பல்கலைக்கழகத்திலிருந்து கீதாஞ்சலி என்றொரு பெண் நாலு பேரோடு வந்து, கறிவேப்பிலைச் செடி வரைக்கும் கயிறு கட்டி, பிரஷ்ஷால் மண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். ஆறடி ஆழத்தில் அந்தக் காலத்துக் குப்பைக்குழியாம். "ஆட்டெலும்பு ஜாஸ்தியா இருக்குது சார், பன்னி எலும்பு ஒண்ணுகூட இல்ல. கல்லையும் சேர்த்துப் பார்த்தா, எழுநூறு வருஷம் முன்னாடியே இங்க முஸ்லிம் வியாபாரிங்க குடியிருந்திருக்காங்க" என்று குதிக்கிறாள். சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். அத்தோடு விட்டாளா? "மேல ஒரு அடியிலயும் எலும்பு இருக்குதே, அது புதுசாச்சே, யாருங்க சாப்பிட்டது?" என்று உன் அக்காவை வைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

என் நெஞ்சு ஆபரேஷனுக்குப் பிறகு, இனி நாங்கள் இருவருமே கவுச்சி தொடுவதில்லை என்று உன் அக்கா கஸ்தூரி வேண்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். பௌர்ணமிதோறும் அவள் கிரிவலம் கிளம்பியதும் நீ ஆட்டுக்கறியோடு வருவதும், எலும்பை நான் பிளாஸ்டிக் கவரில் முடிந்து கறிவேப்பிலைச் செடியடியில் புதைப்பதும் நம் இருவருக்குத்தான் தெரியும். நாய் கொண்டாந்து போட்டிருக்கும்னு சொன்னேன். "நாய் கவர்ல போட்டு முடிச்சுப் போடாதுங்களே சார்"னு அந்தப் பொண்ணு சிரிக்குது. உன் அக்கா சிரிக்கல. "சாமிக்கு யாருங்க பதில் சொல்றது?"ன்னு கேட்டா, அதோட மூணு நாளா பேச்சே இல்ல. எழுநூறு வருஷம் முன்னாடி எங்கிருந்தோ வந்தவன் நிம்மதியா சாப்பிட்டு எலும்பைத் தைரியமா வீசிட்டுப் போயிருக்கான், சொந்த வீட்டுல எனக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. முடியலடா தருமா. கடுதாசி கிடைச்சதும் கிளம்பி வந்து, "அதெல்லாம் நான் தின்னதுதான் அக்கா"ன்னு ஒத்துக்கோ. உனக்குத்தான் வேண்டுதல் எதுவும் இல்லையே.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்.

மிகுந்த களைப்புடன்,
சக்கரவர்த்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கீதாஞ்சலி வந்து, மேல்மண்ணில் பாதி கோழி எலும்பு என்கிறாள். நான் பிறந்ததிலிருந்து கோழி தின்றதில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த உன் அக்கா மூன்று நாள் கழித்து வாயைத் திறந்து, "போதுங்க, குழியை மூடச் சொல்லுங்க" என்றாள். நீ வர வேண்டாம். ஒன்றை மட்டும் எழுது. மாதாமாதம் நான் வேலூருக்குச் செக்கப்புக்குப் போகிற அன்று அக்காவைப் பார்க்க வருவாயே, வெறுங்கையோடவா வந்தே?