உதிரிப் பட்டியலில் கோல்பி ரென்ஷா

"தும்மினதுக்கா?" என்று கேட்டாள் மார்லீன்.

"தும்மினதுக்குத்தான். விலாப் பக்கம் தசை பிடிச்சுக்கிச்சாம். பத்து நாள் ஆட மாட்டாராம்," என்றான் வெண்டல் குசேரா. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கே அவன் முகம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போலத் தொங்கிக் கிடந்தது.

தும்மியவர் பெயர் ஒசோரியோ. ஆயிரத்து இருநூறு மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு நகரத்தில் பேஸ்பால் ஆடுகிறவர். வெண்டல் என்று ஒருவன் ஓமாஹாவில் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனாலும் அவர் வெண்டலின் ஆள். கற்பனை பேஸ்பாலில் அப்படித்தான். இருபது நண்பர்கள் சேர்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கு முப்பது பேராகப் பெயரளவில் பங்கு போட்டுக்கொள்வார்கள். நிஜ மைதானத்தில் அவர்கள் அடித்தால் இங்கே இவர்களுக்குப் புள்ளி. அங்கே அவர்கள் தும்மினால் இங்கே இவர்களுக்குக் காய்ச்சல்.

அறுநூறு பேரைப் பங்கு போட்டபின் யாருக்கும் வேண்டாமல் கிடக்கிறவர்கள்தான் உதிரிப் பட்டியல். எட்டுப் பத்துப் பேர் ஆடும் குழுவில் அந்தப் பட்டியலிலும் நல்ல சரக்கு இருக்கும். இருபது பேர் குழுவில் அது சந்தை கலைந்த பிறகு தரையில் கிடக்கிற காய்கறிதான். அதைக் கிளறிக் கிளறியே வெண்டலுக்கு நாற்பத்து நான்கு வயதாகிவிட்டது.

அவன் வேலை பார்த்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், ஆலங்கட்டி மழைப் பிரிவில். நசுங்கிய கார், ஓட்டை விழுந்த கூரை எல்லாவற்றையும் படத்தில் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதுவான். ஊராருடைய கூரையைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். தன்னுடைய அணியைப் பார்த்து மட்டும் சொல்லத் தெரியாது.

"பத்து நாள்தானேப்பா? அந்தத் தும்மல்காரரை ஓரமா உக்கார வச்சிட்டுப் போயேன்," என்றாள் மார்லீன். பக்கத்து மேஜைக்காரி. இருபத்தாறு வருஷமாக ஆலங்கட்டியைப் பார்த்தவள்.

"ஓரத்துல இடமில்ல மார்லீன். ஏற்கெனவே அஞ்சு பேர் கட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்காங்க."

"உன் அணியா, ஆஸ்பத்திரி வராந்தாவா?"

 சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. போன வருஷம் அவன்தான் கடைசி. அதற்கு முந்தின வருஷமும் அவன்தான். மூன்று வருஷம் தொடர்ந்து கடைசியாக வந்தால் குழுவிலிருந்து வெளியே போக வேண்டும் என்பது விதி. அந்த விதியைப் பதினாறு வருஷத்துக்கு முன் முன்மொழிந்து கைதட்டு வாங்கியவனும் அவன்தான். விவாகரத்துக்குப் பிறகு அவனுக்கு என்று இருந்தது இந்தப் பத்தொன்பது பேரின் கிண்டலும் கேலியும்தான். அதுவும் போனால் அவனுக்கு போன் செய்ய மிச்சம் இருப்பது பல் மருத்துவமனை ஒன்றுதான். அதுவும் பதிவு செய்த குரல். 

இன்று மாலை ஐந்து மணியோடு பட்டியல் மூடிவிடும். அதன்பின் சீசன் முடிகிறவரை யாரையும் எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. பத்தொன்பதாவது இடத்தில் இருந்த அணிக்கும் அவனுக்கும் நான்கே புள்ளி வித்தியாசம். அந்த அணியின் பெயர் 'பழைய கையுறை'.

ஒன்பதே காலுக்கு வெண்டல் ஒசோரியோவைக் கழற்றிவிட்டு, பட்டியலில் இருந்த லோமாக்ஸ் என்பவரை எடுத்தான். ஒன்பதரைக்குத் தெரிந்தது, லோமாக்ஸ் நேற்றுதான் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஜப்பானுக்கு விமானம் ஏறியிருந்தார்.

அவசரமாகத் திரும்பிப் பார்த்தால் ஒசோரியோ பட்டியலில் இல்லை. பழைய கையுறை அவரை அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"போனா போறார். தும்மல்காரர்தானே," என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான்.

பதினோரு மணிக்குச் செய்தி வந்தது. பரிசோதனையில் ஒன்றுமில்லையாம், ஒசோரியோ இன்றே ஆடுவாராம்.

வெண்டல் லோமாக்ஸைக் கழற்றிவிட்டு பெல்ச்சரை எடுத்தான். ஒசோரியோவின் இடமான இரண்டாவது பேஸில் ஆட, உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவர்தான். மட்டையைத் தோளில் சாய்த்தபடி வருகிற பந்தை மரியாதையாக வழியனுப்பி வைப்பதில் பெல்ச்சர் கெட்டிக்காரர். மத்தியான ஆட்டத்தில் நான்கு முறை வந்தார், நான்கு முறையும் வழியனுப்பினார்.

சாப்பாட்டு நேரத்தில், முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்த ரொட்டியைக் கடிக்காமல் கையில் பிடித்தபடி, வெண்டல் லெஸ்டருக்கு போன் போட்டான். குழுவை நடத்துகிறவன் லெஸ்டர்தான். கல்லூரியில் இருவரும் ஒரே அறை.

"டேய், யாருடா அந்தப் பழைய கையுறை?"

"எனக்கே தெரியாதுடா. போன வருஷம் ஒரு இடம் காலியா இருந்துச்சுல்ல, என் மச்சினன் சேத்துவிட்டான். நேர்ல பாத்ததில்ல. எப்ப மெசேஜ் போட்டாலும் பஸ்ல இருக்கேன்னு பதில் வரும்."

"பஸ் டிரைவரா?"

"அப்படித்தான் இருக்கணும். வெண்டல், ஒரு பஸ் டிரைவர் உனக்கு அல்வா குடுத்துட்டு இருக்கான்டா." லெஸ்டர் சிரித்துவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "நான் சொல்றதைக் கேளு. இந்த வருஷம் கடைசியா வந்துடாத. பதினோரு பேர் இடத்துக்குக் காத்திருக்கானுங்க. விதியை மாத்தலாம்னு கேட்டுப் பாத்தேன், ஒருத்தனும் ஒத்துக்கல."

போனை வைத்த பிறகு ரொட்டியை அப்படியே காகிதத்தில் சுற்றி வைத்தான்.

மேஜைக்குத் திரும்பி, பழைய கையுறை இந்த வருஷம் யார் யாரை எடுத்தது, யார் யாரை விட்டது என்ற பட்டியலைத் திறந்தான். இரண்டு கூரைகளும் ஒரு காரும் அவன் தீர்ப்புக்காகக் காத்துக் கிடந்தன. கிடக்கட்டும்.

பட்டியலில் ஒரு பெயர் அவன் கண்ணை உறுத்தியது. கோல்பி ரென்ஷா. பந்துவீச்சாளர், வயது முப்பத்தொன்று. பெரிய லீகுக்கு ஒருநாளும் போனதில்லை. பத்து வருஷமாகக் கீழ்நிலை அணிகளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, இப்போது இங்கேயே ஓமாஹாவில் ஆடுகிறார். பெரிய லீகில் ஆடாதவரால் யாருக்கும் அரைப் புள்ளிகூடக் கிடைக்காது. அப்படிப்பட்டவரைப் பழைய கையுறை ஏப்ரல் மாதத்திலிருந்து ஒருநாள் விடாமல் வைத்திருந்தது. ஒசோரியோவைக் கொத்திக்கொண்டு போகிற கைகாரன், இவரை ஏன் ஐந்து மாதம் சும்மா வைத்திருந்தான்?

ஞாயிற்றுக்கிழமை ரென்ஷாவை விட்டிருந்தான்.

வெண்டல் நிமிர்ந்து உட்கார்ந்தான். ரென்ஷாவின் கணக்கைப் பார்த்தான். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. ஓமாஹா அணி ஆள் அனுப்புகிற பெரிய லீக் அணியில் இந்த வாரம் மூன்று பந்துவீச்சாளர்கள் காயம். யாரையாவது மேலே கூப்பிட்டே ஆக வேண்டும்.

"மார்லீன், ஒருத்தனை ஆட விடாம சும்மா உக்கார வச்சிருக்காங்கன்னா என்ன அர்த்தம்?"

"உடம்பு சரியில்லன்னு அர்த்தம்."

"இல்ல. மேல கூப்பிடப் போறாங்கன்னு அர்த்தம். கை களைச்சுப் போகாம பத்திரமா வச்சிருக்காங்க."

இந்த விளையாட்டில் ஊறிப்போனவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். மற்றவர்களுக்கு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தால், உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

"அஞ்சு மாசம் வச்சிருந்தவன் ஏன்ப்பா விட்டான்?"

"பொறுமை போயிடுச்சு. பாவம், ரெண்டே நாள் முந்திட்டான். பஸ் ஓட்டுறவனுக்கு இந்தச் செய்தியெல்லாம் படிக்க நேரம் ஏது?"

மார்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அஞ்சு மாசம் கூடவே வச்சிருந்த பொருளை ஒருத்தன் வாசல்ல வச்சிட்டுப் போறான்னா, நான் முதல்ல அதோட அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாப்பேன். அவனைவிட அந்தப் பொருளைப் பத்தித் தெரிஞ்சவன் யாரு?"

அது நல்ல கேள்வி. ஆனால் மணி நாலே முக்கால் ஆகிவிட்டிருந்தது.

ரென்ஷாவை எடுக்க வேண்டுமானால் ஒருவரை விட வேண்டும். பெல்ச்சரை விட்டால் இரண்டாவது பேஸுக்கு ஆளில்லை. மிச்சமிருந்தது ஹன்லி. முப்பத்தெட்டு வயதுப் பந்துவீச்சாளர், வேகமில்லை, பகட்டில்லை. ஆனால் வாரம் தவறாமல் இரண்டு மூன்று புள்ளி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். எட்டு வருஷமாக வெண்டலிடமே இருந்தார். கழற்றிவிடும் பொத்தான்மேல் விரலை வைத்தபோது வெண்டலுக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. நிஜத்தில் அந்த மனிதரோடு அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான்கு ஐம்பத்தாறுக்கு ரென்ஷா அவன் ஆளானார்.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு ஹன்லி பழைய கையுறையின் ஆளானார்.

ஐந்துக்குப் பட்டியல் மூடியது.

"அவன் நாள் பூரா உன் குப்பைத்தொட்டி பக்கத்துலயே நிக்கிறான் பாரு," என்றாள் மார்லீன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "பஸ் எதுவும் ஓட்டுற மாதிரி தெரியலயே."

வெண்டலுக்கு வீட்டுக்குப் போக மனசில்லை. ஆறரை மணிக்கு ஊரிலேயே ஆட்டம் இருந்தது. ரென்ஷாவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. மேலே கூப்பிடுகிறார்கள் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டிருப்பார். ஒரு வாழ்த்தாவது சொல்லிவிட்டு வரலாம்.

மைதானத்தில் கூட்டம் அதிகமில்லை. பந்துவீச்சாளர்கள் உட்காரும் கொட்டகை இடப்பக்கக் கம்பிவேலியை ஒட்டி இருந்தது. ஐந்தாறு பேர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள். வேலியோரத்தில் தனியாக ஒரு நெட்டையான ஆள், ஆகஸ்ட் மாத வெக்கையில் வலது தோள்மேல் கனத்த ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு, இடது கையில் போனை வைத்திருந்தார். காலடியில் பெட்டி.

பெட்டியைப் பார்த்ததும் வெண்டலுக்கு உயிர் வந்தது.

"கோல்பி ரென்ஷா நீங்கதானே? வாழ்த்துகள்."

ரென்ஷா நிமிர்ந்து பார்த்தார். களைத்த முகம். "எதுக்கு சார்?"

"மேல கூப்பிடுறாங்கல்ல? பெட்டியெல்லாம் தயாரா இருக்கே."

"வீட்டுக்குப் போறேன் சார். பத்து வருஷமா டீம் பஸ்லயே ஊர் ஊரா சுத்தினது போதும். கான்சாஸ்ல எங்கப்பா பண்ணை இருக்கு." ஜாக்கெட்டைக் கொஞ்சம் விலக்கினார். முழங்கையைச் சுற்றி மணிக்கட்டுவரை கட்டு. "ஜவ்வு அறுந்துடுச்சு. சனிக்கிழமை கடைசிப் பந்து போடும்போதே சத்தம் கேட்டுச்சு. நாளைக்குத்தான் வெளியில சொல்லுவாங்க."

வெண்டல் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அந்த மனிதருக்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தப்படவும் செய்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஹன்லியின் முகம் வந்து நின்றது.

"மன்னிச்சுக்குங்க," என்றான். "நான் ஒரு கற்பனை லீக்ல ஆடுறேன். இருபது பேர். கடைசியா வந்தா என்னைத் தூக்கிடுவாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உங்களை எடுத்தேன். ஏப்ரல்லேருந்து உங்களை வச்சிருந்த ஒருத்தன் ஞாயித்துக்கிழமை விட்டுட்டான். முட்டாப்பயன்னு நெனச்சேன்."

ரென்ஷா தன் கையிலிருந்த போனைப் பார்த்தார், வெண்டலைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"லெஸ்டர்னு ஒருத்தர் நடத்துறதா சார்?"

"ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஹன்லி ரொம்ப நல்ல பந்துவீச்சாளர் சார், நீங்க விட்டிருக்கக் கூடாது," என்றார் ரென்ஷா மெதுவாக. "இந்த முழங்கையை வச்சுக்கிட்டு அங்கேயும் கடைசியா வர எனக்கு மனசில்ல, அதான் ஞாயித்துக்கிழமை என்னை நானே கழட்டி விட்டுட்டேன்."