ஊரார் வேண்டிக்கொண்ட வயிறு

“தோளை நேரா வைங்கண்ணே. தலகாணி இடிக்குது.”

காவடி கட்டும் சுகுமாரன் அளவு நாடாவோடு பத்துமலையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பத்துமலையோ வயிற்றில் அணைத்திருந்த தலையணையை விடுவதாக இல்லை. இருமல் வந்தாலும் தும்மல் வந்தாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர் லிம்.

“யாருக்குப்பா காவடி?”

“உங்களுக்குத்தாண்ணே. தைப்பூசத்துக்கு. அக்கா சொல்லலையா?”

அக்கா என்றால் பத்துமலையின் மனைவி மங்களம். அவள் அடுப்படியில் இருந்தபடியே பதில் சொன்னாள். “ஆப்பரேஷன் ரூமுக்கு வெளிய உக்காந்து வேண்டிக்கிட்டேங்க. நல்லபடியா வெளிய வந்தா நீங்க காவடி எடுப்பீங்கன்னு.”

“நானா?”

“பின்ன, உள்ள படுத்திருந்தது யாரு?”

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கித் தூக்கியே பத்துமலைக்குக் குடல் இறங்கிவிட்டது. இரண்டு முறை தைத்தார்கள். இரண்டு முறையும் பிரிந்துகொண்டது. மூன்றாம் முறை, தீபாவளி கழிந்து, வயிற்றை அகலமாகத் திறந்து உள்ளே வலை வைத்துத் தைத்தார் டாக்டர் லிம். தண்ணீர் நிரம்பிய கெட்டிலைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, இதுவும் பிரிந்தால் இழுத்துத் தைக்க உள்ளே சதை மிச்சமில்லை என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் கடைசிப் பேச்சு பத்துமலைக்குத் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்தது.

“டாக்டர் எம்.சி. லீவு குடுத்திருக்காரு மங்களம்.”

“எம்.சி. ஃபேக்டரிக்குக் குடுத்தாரு. முருகனுக்கா குடுத்தாரு?”

சுகுமாரன் நாடாவைச் சுருட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னான். “பயப்படாதீங்கண்ணே. தோள்ல ஒரு பாரமும் இருக்காது. எல்லா வெயிட்டும் இடுப்பைச் சுத்திதான் உக்காரும்.”

மங்களம் யார் பேச்சையும் கேட்கிற ரகமில்லை, தெலுக் இந்தானில் இருக்கும் நாத்தனார் கலாதேவியின் பேச்சைத் தவிர. பத்துமலை அக்காவுக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னார். மறுநாள் காலையே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினாள் கலாதேவி. செருப்பைக்கூடக் கழற்றாமல் மங்களத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுத்துத் தச்ச ஒடம்பு. காவடி தூக்குனா என்னத்துக்கு ஆகும்? யோசிச்சு வேண்ட வேணாம்?”

பத்துமலைக்கு வயிறு குளிர்ந்தது. உடன்பிறந்தவள் உடன்பிறந்தவள்தான் என்று நினைத்துக்கொண்டார்.

“என்னையப் பாரு,” என்று தொடர்ந்தாள் கலாதேவி. “வேண்டுறப்பவே யோசிச்சுதான் வேண்டுனேன். ஒரு வெயிட்டும் கெடையாது. கோயிலைச் சுத்தி உருண்டா போதும்.”

“யாருக்கா உருளணும்?”

“நீதாண்டா. தம்பி அங்கப்பிரதட்சணம் பண்ணுவான்னு சொல்லிட்டேன்.”

பத்துமலைக்கு இருமல் வந்தது. தலையணையை அழுத்திக்கொண்டார். அதற்குள் இரண்டு பெண்களும் சமாதானமாகி, காலையில் உருள்வது, வெயில் ஏறுவதற்குள் காவடி எடுப்பது என்று நேரத்தைப் பிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் அவர் தலையணையோடு தெருமுனைக்கு நடந்தார். அங்கே மதார் சாகிப்பின் சாப்பாட்டுக் கடை. சிலிபின் வட்டாரத்தில் பாதிக் குடும்பச் சண்டைகளை அவர்தான் தீர்த்துவைத்திருக்கிறார். தைப்பூசத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது இப்போது கூடுதல் தகுதி. பத்துமலை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக்கை அவர் முன்னால் வைத்தார் சாகிப்.

“காவடியும் வேணாம், உருளவும் வேணாம்லா. சாயங்காலமே நான் வந்து தங்கச்சிங்ககிட்ட பேசுறேன்.”

பத்துமலைக்குக் கண் கலங்கியது. “நீங்களாவது இருக்கீங்களே பாய்.”

“நீங்களும் தர்கா கந்தூரிக்கு வரணும்ணே. நீங்க பொழைச்சு வந்தா, நெய்ச்சோத்துத் தேக்சாவை அடுப்புலேர்ந்து உங்க கையால இறக்குவீங்கன்னு நேந்திருக்கேன்.”

பத்துமலை தே தாரிக்கைத் தொடவில்லை. “தேக்சா எவ்வளோ பெருசு பாய்?”

“நாலு பேரு தூக்குறதுதான்லா. நீங்க தனியாவா தூக்கப் போறீங்க?”

பேசித் தீர்க்க வந்த சாகிப், மாலையில் பத்துமலையின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, கலாதேவி உரித்துக் கொடுத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று வேண்டுதலும் ஒன்றோடொன்று மோதாமல் நடத்திவிடலாம் என்பதில் மூவரும் ஒரே கருத்தாக இருந்தார்கள். அப்போதுதான் பத்துமலைக்குப் பொறுமை போயிற்று.

“எல்லாரும் என் ஒடம்பை வச்சே வேண்டியிருக்கீங்க. ஒருத்தராவது அவங்கவங்க ஒடம்பை வச்சு வேண்டுனீங்களா?”



“சீக்கு ஒனக்குத்தானேடா,” என்றாள் கலாதேவி. அது நியாயமாகத்தான் பட்டது மதார் சாகிப்புக்கு. தலையாட்டினார்.

பத்துமலை தலையணையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். “இது பிரிஞ்சா தைக்க உள்ள ஒன்னும் இல்லைன்னு சொல்லிட்டாரு மங்களம். நீங்க யாரும் படுக்கப் போறதில்ல, நான்தான் படுக்கணும். எனக்குப் பயமா இருக்கு.”

மங்களம் அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பயமாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

“சரிங்க,” என்றாள். “டாக்டர் அவரு வாயால வேணாம்னு சொல்லட்டும். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

தைப்பூசத்துக்கு முதல் நாள் நால்வரும் சாகிப்பின் வேனில் ஏறிக் கிளினிக்குக்குப் போனார்கள். பத்துமலை முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் லிம் கத்தியையும் நூலையும் நம்புகிறவர். ஆப்பரேஷன் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ‘ஈசி அங்கிள், சின்ன வேலை’ என்று சிரித்தவர். அவரிடம் இந்த உருள்வது, தூக்குவதெல்லாம் எடுபடாது. ஊரில் புத்தியுள்ள மனிதர் ஒருவராவது மிச்சம் இருக்கிறாரே என்று பத்துமலைக்கு நிம்மதியாக இருந்தது.

“டாக்டரைப் பார்க்கணும்மா,” என்றார் முன் மேசையில் இருந்த நர்ஸ் ஷாமினியிடம். “காவடி எடுக்கக் கூடாதுன்னு இவங்க முன்னால ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

ஷாமினி அவர் பெயரைக் கேட்டாள். சொன்னார். அவள் எழுந்து நின்று, அவரையும் தலையணையையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“டாக்டர் லிம் மொட்டை போடப் போயிருக்காரு அங்கிள், உங்க வயித்தைத் திறந்து பார்த்ததுமே, நீங்க பொழைச்சா அவரே காவடி எடுக்கிறதா வேண்டிக்கிட்டாராம்.”