பஸ் நிலையத்தில் ஏற்றிய சம்பந்தி

சின்ன காஞ்சீபுரம்,
9-2-1999

சிரஞ்சீவி வாசுதேவனுக்கு அத்திம்பேர் சக்ரவர்த்தி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பேரருளாளன் கிருபையில் இங்கே எல்லோரும் தேக சௌக்கியம். எனக்கு மட்டும் மானம் சற்று அசௌக்கியமாக இருக்கிறது. அதன் பொருட்டே இக்கடிதம். படித்து முடித்ததும் நீ மல்லேஸ்வரத்துக்கு ஓடி, நம் பெண் கோதாவுக்காக நீ ஏற்பாடு செய்த அந்தப் பிள்ளை வீட்டாரின் காலில் என் சார்பாக விழ வேண்டும். ஏன் என்பதைக் கேள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் பஸ்ஸில் வருகிறோம், நாலு பேர், முதலில் கோயில்களைச் சேவித்துவிட்டு அப்புறம் பெண் பார்க்க வருகிறோம் என்று பிள்ளையின் அப்பா போனில் சொன்னார். போன தடவை வந்தவர்கள் கோதாவை நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, கடைசியில் கண்ணாடியைக் கழற்றச் சொன்னதிலிருந்து, இன்னும் ஒரே ஒரு வரனைத்தான் பார்ப்பேன் என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அதனால் இதை நானே முன்னின்று நடத்துவது என்று முடிவு செய்து, ஐயம்பேட்டை டேனியலின் அம்பாஸடர் காரைப் பேசிக்கொண்டு ஏழு மணிக்கே பஸ் நிலையத்தில் நின்றேன். டேனியல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன்தான், ஆனால் எந்தப் பெருமாள் எத்தனை மணிக்குத் திரை போட்டுக்கொள்வார் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் வந்தது. நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு ஒரு பெரியவர், மாமி, பிள்ளை, அவன் தங்கை மாதிரி ஒரு சின்னப்பெண் என்று நாலு பேர் இறங்கினார்கள். "பெங்களூரா?" என்றேன். "ஆமாம்." "கோயில் சேவிக்கணும்னேளே?" "ஆமாம், ஆள் வருவார்னு சொன்னா." "நான்தான் அந்த ஆள்" என்று பெட்டியைப் பிடுங்கிக் காரில் வைத்தேன். நீ அனுப்பிய போட்டோவில் பிள்ளை பட்டமளிப்பு அங்கியும் தொப்பியுமாக இருந்தான். அந்தக் கோலத்தில் யாரை நிறுத்தினாலும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். சம்பந்தியாகப் போகிறவரிடம் முகத்துக்கு நேரே உம் பெயரென்ன என்று கேட்பதும் மரியாதையில்லையே.

வரதரைச் சேவித்தோம். தங்கப் பல்லியைத் தொட்டுக்கொண்டோம். சொன்னவண்ணம் செய்த பெருமாள், விளக்கொளிப் பெருமாள், அட்டபுயகரம் என்று வரிசையாகப் போனோம். நான் பல்லவர் காலத்தில் ஆரம்பித்து விஜயநகரத்துக்கு வந்துகொண்டிருந்தேன். சரித்திர வாத்தியாருக்குக் கோயில் மதிலைக் கண்டால் கரும்பலகையைக் கண்ட மாதிரி. பெரியவர் ரொம்பப் பிரியமாகக் கேட்டார். "எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேள்?" என்றார். "முப்பத்து நாலு வருஷம், இப்ப ஓய்வு" என்றேன். "ஓய்வுலேயே இவ்வளவு பேசறேளே" என்று ஆச்சரியப்பட்டார். நானும் நைஸாக விசாரணையை ஆரம்பித்தேன். "உங்காத்துக்கு வர்ற பொண்ணை வேலைக்கு அனுப்புவேளா?" என்றேன். "அனுப்பிண்டுதானே இருக்கோம்" என்றார். பெரிய மருமகள் ஒருத்தி இருக்கிறாள் போலும், நல்ல முற்போக்கான குடும்பம் என்று மனசுக்குள் உனக்கு நன்றி சொன்னேன்.

உலகளந்த பெருமாள் கோயிலில், ஒரே மதிலுக்குள் நாலு திவ்ய தேசம் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது டேனியல் வாசலிலிருந்து கையை ஆட்டினான். "சார், பன்னெண்டுக்கு நடை சாத்திடுவாங்க. நீங்க பேசிக்கினே இருந்தா பூட்டைத்தான் கும்பிடணும். அப்புறம் சார், இன்னொரு விஷயம்..." என்றான். விஷயமெல்லாம் அப்புறம், வண்டியை எடு என்றேன். மீதிக் கோயில்கள் சாயங்காலம் ஆகட்டும், திருப்புட்குழிதான் முக்கியம் என்று மாமி அவசரப்படுத்தினாள். ஊருக்குள் பதினாலு திவ்ய தேசம், திருப்புட்குழியோடு பதினைந்து, அதைக்கூட விடாத பக்தி என்று எனக்கு ஒரே பூரிப்பு.

அங்கே விஜயராகவப் பெருமாள் சன்னிதியில் பட்டர், "என்ன பிரார்த்தனை?" என்று கேட்டார். வறுத்த பயறும் முளைவிடும், குழந்தை வரம் கிடைக்கும் என்று நம்பி ஜனங்கள் வருகிற தலம் அது என்பது உனக்குத் தெரியும். மாமி, "புத்திர பாக்கியம்தான்" என்றாள். பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே பேரனுக்கு வேண்டிக்கொள்கிறார்களே, என்ன ஒரு நிச்சயம் என்று என் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. அப்போது மாமி, "கலாவதி, முன்னாடி வாம்மா. நீயும் அவன் பக்கத்துல நில்லு" என்று அந்தச் சின்னப்பெண்ணைப் பிள்ளையோடு சேர்த்து நிறுத்தினாள். பட்டர் தம்பதியாக ஆசீர்வாதம் பண்ணினார்.

நான் நடுவில் புகுந்தேன். "இவ பிள்ளையோட தங்கை இல்லையா?" என்றேன். பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கல்யாணமாகி நாலு வருஷம் ஆறது. ஏன் கேக்கறேள்?" என்றார். "அப்ப எங்காத்துக் கோதாவோட கதி?" என்றேன். "கைட் சார், உங்காத்துக் கோதாவைப் பத்திக் காலையிலேர்ந்து சொல்லிண்டிருக்கேள், ரொம்ப சந்தோஷம். அவளுக்கும் எங்க பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் கேட்ட பிறகுதான், ஏதோ டிராவல்ஸ்காரன் அனுப்புவதாகச் சொன்ன வழிகாட்டி நான்தான் என்று அவர் நினைத்திருந்தது விளங்கிற்று. நான் நடந்ததைச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷர், தன் பிள்ளைக்குத் தம்பி இல்லையே என்று அவர் வருத்தப்பட்டார். வெளியே வந்து டேனியலிடம் சொன்னால், "அதான் சார் சொல்ல வந்தேன். இளநீர்க் கடையில ரெண்டு பேரும் ஒரே காய்ல ரெண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிச்சாங்க. தங்கச்சி கூட எவன் சார் அப்படிக் குடிப்பான்? நீங்க பேச விட்டாத்தானே" என்கிறான்.

அவர்களைச் சத்திரத்தில் இறக்கிவிட்டு அகத்துக்கு வந்தபோது மணி ஒன்று. அசல் பிள்ளை வீட்டார் அடுத்த பஸ்ஸில் வந்து, என்னைக் காணாமல் ஒரு மணி நேரம் நின்று, ஆட்டோ பிடித்து, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார்கள். பன்னிரண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பியும் போய்விட்டார்கள். உன் அக்கா ஸுபத்ரா மூன்றே வார்த்தை சொன்னாள்: "வந்தா. இருந்தா. போயிட்டா." கூடத்தில் கேசரிப் பாத்திரம் காலியாக இருந்தது. மொட்டை மாடியில் கோதா ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். துக்கத்தில்தான் பாடுகிறாள் என்று நினைத்து, மாடிப்படி வரை போனவன் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து ஸுபத்ரா பேசவில்லை. காபி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாளாக யாரிடமும் எந்த ராஜாவைப் பற்றியும் சொல்லவில்லை என்றால் என் நிலையை நீயே ஊகித்துக்கொள். ஒரு குழந்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே, வாசு. அவர் காலில் விழு, நான் பைத்தியம் என்று சொல், குடும்பத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது என்பதையும் மறக்காமல் சொல். உன் அகத்தாளுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதங்கள். பெருந்தேவித் தாயார் உங்கள் எல்லோருக்கும் சகல மங்களமும் நல்ல ஞாபகசக்தியும் அருளட்டும்.

இப்படிக்கு,
சக்ரவர்த்தி

பின்குறிப்பு: நீ மல்லேஸ்வரம் போக வேண்டாம். கவரை ஒட்டப் பசை கேட்டேன். ஸுபத்ரா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். பிள்ளை ஸ்ரீவர்தனும் கோதாவும் மொட்டை மாடியில் இரண்டு மணி நேரம் பேசினார்களாம். இருவருக்கும் பூரண சம்மதமாம். வைகாசியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்களாம். "ஏண்டி சொல்லலை?" என்றேன். "ரெண்டு நாளா ஆத்துல எவ்வளவு நிசப்தமா இருந்தது! இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமேன்னு பார்த்தேன்" என்கிறாள். ஆகவே மேலே உள்ளது எதையும் படிக்காதே. இதை ஒரு கார்டிலேயே எழுதியிருக்கலாம்.