முந்நூற்றிருபது வாட் ரகசியம்

என் மனைவிக்கு நானே என் கையால் ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். கடையில் தயாராக இருப்பதை வாங்கிக் கொடுக்க யாராலும் முடியும். நான் பௌதிக வாத்தியார். மின்சாரம் என் பாடம். பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன். இதுவரை ஒரு பிள்ளைக்கும் ஷாக் அடித்ததில்லை. யார் மண்டையிலும் எதுவும் ஏறாமல் அவ்வளவு பாதுகாப்பாக நடத்துவேன்.

மனைவி வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கிறவள். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், என் பழைய லேப்டாப்பில்தான் வேலை. ஒரு சுவரை நகர்த்தச் சொன்னால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு நகர்த்துவதற்குள் இவள் சமையலையே முடித்துவிடுவாள்.

"உனக்கே உனக்குன்னு ஒண்ணு கட்டித் தரேன்" என்றேன்.

"எனக்கேதானா?"

"சத்தியமா."

"அதுல கேம் கிடையாதே?"

"சே! நானா?"

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன வருடம் ஒரு மழை நாளில், பஸ் ஸ்டாப்பிலிருந்து அவளைக் கூட்டி வரக் கிளம்பினவன், 'இந்த ஒரு ரவுண்டு மட்டும்' என்று கார் ரேஸில் உட்கார்ந்துவிட்டேன். திரையில் மூன்று கோப்பை ஜெயித்தேன். அவள் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். திட்டவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஜெயிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. இனி இந்த வீட்டில் கேம் இல்லை என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தேன். மனப்பூர்வமாகத்தான் கொடுத்தேன். மனம் அப்புறம் மாறிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய?

கடைக்காரர் ஒரு கிராபிக்ஸ் கார்டைக் காட்டினார். செங்கல் சைஸ். மூன்று விசிறி. அது இருந்தால் ரேஸ் காரின் கண்ணாடியில் மழைத்துளி வழிவதுகூடத் தெரியுமாம். வாங்கிவிட்டேன். வீட்டில், "சின்னக் கார்டுதான். எழுபத்தஞ்சு வாட்" என்றேன். உண்மையில் அது குடிப்பது முந்நூற்றிருபது. காலி டப்பாவைப் பரண்மேல் இருந்த பழைய குக்கர் அட்டைப்பெட்டிக்குள் ஒளித்து வைத்தேன்.

எல்லாம் சுகமாகப் போனது, பவர் சப்ளை வாங்கும் வரை. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. அதை வாங்க அவளும் கடைக்கு வந்தாள்.

"எழுநூத்தம்பது வாட் குடுங்க" என்றேன், கடைக்காரரைப் பார்த்துக் கண்ணடித்து.

"எதுக்குங்க அவ்வளவு?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எந்த வீட்டுக்கு எத்தனை லைட், எத்தனை ஃபேன், எவ்வளவு லோடு என்று கணக்குப் போடுவதே அவள் பிழைப்பு. அதை நான் மறந்திருக்கக் கூடாது.

"பிராசஸர் அறுபத்தஞ்சு. போர்டு, மெமரி, விசிறி எல்லாம் சேர்த்து எண்பது. உங்க சின்னக் கார்டு எழுபத்தஞ்சு. ஆக இருநூத்தி இருபது. டபுளா வெச்சாக்கூட நானூத்தி நாப்பது. நானூத்தம்பது தாராளம். என்னண்ணே, சரிதானே?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்க சொல்ற கணக்குக்குச் சரிதாம்மா" என்றார்.

"கணக்குல வேற ஏதாவது சேர்க்கணுமாங்க?" என்று என் பக்கம் திரும்பினாள். குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. "சொல்லுங்க, சேர்த்துடலாம்."

"ஒண்ணுமில்லையே!"

நானூற்றைம்பதோடு வீடு வந்தோம். வழியெல்லாம் மனதுக்குள் கூட்டினேன். அறுபத்தைந்து, எண்பது, முந்நூற்றிருபது. நானூற்று அறுபத்தைந்து. பதினைந்து வாட்தானே இடிக்கிறது, அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளும் என்று நினைத்தேன். பௌதிகம் அட்ஜஸ்ட் பண்ணாது என்று வகுப்பில் கத்துகிறவனும் நான்தான்.

கட்டி முடித்த அன்று அவள் ஒரு சுவரை நகர்த்தினாள். உடனே நகர்ந்தது. மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள், சும்மா பார்க்க. அப்புறம் கேபினெட்டைத் தடவிக் கொடுத்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு உள்ளே குறுகுறுத்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கட்டடம் பார்க்கப் போவாள். போனதும் ரேஸை ஆரம்பித்தேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவில் விசிறிகள் மூன்றும் அலறின. டக்! திரை இருட்டு. அடுத்த சனிக்கிழமையும் அதே வளைவு, அதே டக்.

"கம்ப்யூட்டர் எப்படிங்க இருக்கு? நின்னு கின்னு போகுதா?" என்று நடுநடுவே கேட்பாள்.

"சேச்சே! நான் கட்டினதாச்சே!"

மூன்றாவது சனிக்கிழமை அவசரத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. ரேஸுக்குப் பின்னால் அவளுடைய பிளான் திறந்தே இருந்தது. முழங்கால் வலிக்கார நர்ஸம்மா ஒருவருக்கு, ஒரு படிகூட இல்லாத வீடு. இரண்டு நாள் வேலை. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். டக்!

மறுபடி ஆன் செய்தபோது திரையில் வீடும் இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. முகமெல்லாம் வேர்வை. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது அவள் உள்ளே வந்தாள். துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஜெயிச்சீங்களா?"

அவ்வளவுதான். செங்கல், முந்நூற்றிருபது, குக்கர் பெட்டி, மூன்றாவது வளைவு, நர்ஸம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"கிளம்பறப்பவே சேவ் பண்ணிட்டேங்க. பென் டிரைவ்லயும் ஏத்தி எடுத்துட்டுப் போனேன். நான் படி இறங்கினதும் நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

பீரோவைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். எழுநூற்றைம்பது வாட் பவர் சப்ளை!

"இதை எப்ப வாங்கினே?"

"நாம கடைக்குப் போனோமே, அதுக்கு மறுநாள். கார்டு டப்பாவை அதுக்கும் முன்னாடியே பார்த்துட்டேன். நீங்க எதை ஒளிச்சாலும் அந்தக் குக்கர் பெட்டியிலதானே ஒளிப்பீங்க."

"அப்ப கடையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். எத்தனை தடவை கேட்டேன்?"

அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இப்படி ஒருத்தியை மழையில் நிற்க வைத்தேனே என்று இருந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

"சரி சரி, அழாதீங்க. ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

அவள் டார்ச் பிடித்தாள். நான் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். கம்ப்யூட்டர் கம்பீரமாக உறுமியது.

"கொஞ்ச நேரம் விளையாடட்டுமா?"

"தாராளமா விளையாடுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒரே ஒரு படம் ஓட்டிக்கறேன். வீட்டை வெயில், நிழலோட அப்படியே நிஜமாக் காட்டுற படம். இந்த மாதிரி கார்டு இருந்தாத்தான் வரும். ரெண்டு வருஷமா ஆசை. உங்ககிட்ட கேட்கக் கூச்சமா இருந்துச்சு. நல்லவேளை, நீங்களே வாங்கிட்டீங்க!"

அது நடந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது கம்ப்யூட்டர் டக்கென்று நிற்பதே இல்லை. காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. அவளுக்கு வேலை குவிகிறது. முகம் பூரித்துக் கிடக்கிறது. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. இருந்தாலும் நேற்று மெல்லக் கேட்டேன்.

"நான் எப்பம்மா விளையாடறது?"

"இந்தப் படம் முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

"அடுத்தது ஆரம்பிக்கறப்ப."