நல்ல நேரத்தில் கட்டிய பெல்ட்

நிதானமானவள் என்று பெயரெடுத்தவர்கள் நெஞ்சில் எந்தக் கருவியையும் கட்டிக்கொள்ளக் கூடாது. நான் கட்டிக்கொண்டேன்.

அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தேன். வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் என் தாய்மாமாவுக்கு நுரையீரலில் கட்டி. ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும், நெஞ்சில் ஒரு பெல்ட்டைக் கட்டி, வீட்டிலேயே ஒரு நாள் முழுக்க அவருடைய இதயத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும். உடம்பு நிம்மதியாக இருந்தால், இரண்டு துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி சற்றுக் கூடும், குறையும். பதற்றத்தில் கடிகாரம் மாதிரி ஒரே அளவாகிவிடும். (சீராகத் துடிப்பதுதான் நல்லது என்று படிப்பதற்கு முன் நானும் நினைத்திருந்தேன்.)

மலையை விட்டு இறங்கவே மாமா மாதக்கணக்கில் இழுத்தடித்தார். தேதி தள்ளிப்போனால் மறுபடி வரமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதிவைத் தொடங்க வேண்டிய காலையில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். மாமாவின் ஜீப் வழியில் மாட்டிக்கொண்டது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு முதல் நாளே வந்திருந்த அத்தை, காலண்டரைப் பார்த்துவிட்டுப் பதறினார்.

"ராவு காலம் வரப்போவுதுடி. மெஷின ஆரம்பிச்சிடு."

"மாமா இல்லாம எப்பிடி அத்தை?"

"யாருக்காச்சும் கட்டி வை, அவரு வந்தா மாத்திக்கலாம். ஊருக்குப் போறவங்க நல்ல நேரத்துல பைய பக்கத்து வூட்ல வெக்கிறதில்ல? அப்பிடித்தான்."

மறுக்க என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. இரண்டாவதைச் சொல்வதற்குள் அத்தை அழுதுவிட்டார். பெல்ட்டை நானே கட்டிக்கொண்டேன்.

மாமா போனை எடுக்கவில்லை. ஸ்கூட்டரில் போய்த் தேடினேன். ஒரு பக்கம் போலீஸ், ஒரு பக்கம் கோஷம். நடுவில் நின்ற ஜீப்பில் மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா பாப்பா, இந்த வெயில்ல வந்துக்கினு?"

சாயங்காலம் வழி விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டை மாமாவுக்கு மாற்றினேன். புதிதாகப் பதிவைத் தொடங்கப் போனால், அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்திட்டா, நல்ல நேரத்துல ஆரம்பிச்சதுக்கு இன்னா அர்த்தம்?"

சரி, பகல் பகுதியை நீக்கிவிடும்படி டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். (சொல்லவில்லை. மறந்தே போனேன்.)

மறுநாள் டாக்டர் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். "பகல் முழுக்க வேறுபாடே இல்லையே. இவ்வளவு பயத்துல இருக்கிற உடம்பு. ஹார்ட் டாக்டர் ஒருதடவை பார்க்கட்டும், ஆபரேஷனைத் தள்ளி வைப்போம்."

மாமா முகத்தில் அப்படியொரு வெளிச்சம். துண்டை உதறித் தோளில் போட்டார், பையை எடுத்தார். "அப்ப மலைக்குக் கெளம்பறேங்க."

"சார், பகல் பதிவு மாமாவோடது இல்ல."

"பின்னே யாரோடது?"

ராகு காலம், பெல்ட், அத்தை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். டாக்டர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க ஒழுங்கா தூங்குறீங்களா?"

மாமா பையைக் கீழே வைத்தார். "எனக்கு அவசரம் இல்லீங்க. மொதல்ல எங்க பாப்பாவுக்குப் பண்ணிடுங்க."

ராத்திரிப் பதிவு மாமாவுடையது. அது அலை அலையாக, நிம்மதியாகப் போயிருந்தது. ஆபரேஷன் குறித்த தேதியிலேயே நடந்தது. முடிந்ததும் அவருடைய அலைகள் சுருங்கின, எதிர்பார்த்ததுதான். சில வாரங்களில் மெல்லத் திரும்பி வந்தன. என்னுடையவை என்ன ஆயின என்று யாரும் சோதிக்கவில்லை.

போன தை மாதம் எனக்குக் கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். மீதமிருந்த நுரையீரல் முழுவதையும் திரட்டிக்கொண்டு, பின்னாலிருந்து மாமா கத்தினார்:

"மாப்ள, நல்ல நேரம் போவுதுன்னு வேற யாருக்காச்சும் கட்டிடாதீங்க!"